மூன்றாவது நாற்காலியில் பதினொரு வருடங்கள்

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்தைந்து. ஆனால் செய்த வேலை முடிந்துபோனால் அதற்குப் பிறகு வருகிற காலத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

நான் பார்த்தது பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது ஆட்கள் பாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறபோது, மொழிபெயர்க்கிற வேலை. ஒரு பக்கம் டேனிஷ் மட்டும் தெரிந்த பாதர். மறுபக்கம் நாற்பது வருடம் டென்மார்க்கில் இருந்தும் கடைக்கும் டொக்டருக்கும் வேண்டிய டேனிஷ் மட்டுமே படித்த மாமாமார், மாமிமார். நடுவில் நான். இப்போது மாதத்துக்கு ஒருமுறை தமிழ்ப் பாதர் ஒருவர் எங்கள் பக்கம் வருகிறார். அவர் வர முடியாத நாட்களுக்காக இரண்டு பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். இரண்டு பேரும் இங்கே பிறந்தவர்கள், கெட்டிக்காரிகள். போன மாதம் அவர்களில் ஒருத்தி தொலைபேசியில் பாதி டேனிஷிலும் பாதி தமிழிலும் கேட்டாள், "அக்கா, உங்களுக்கு ஆகக் கஷ்டமாயிருந்தது எது?"

அவளுக்காகத்தான் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூன்று நாற்காலிகளுக்கு நடுவே நான் கேட்ட ஒரு சொல்லும் இதில் இல்லை. இருக்கவும் முடியாது. பாதரைக் கட்டுகிற அதே இரகசியம் மொழிபெயர்ப்பவரையும் கட்டும். மீறினால் சபையைவிட்டு விலக்குகிற தண்டனைவரை போகலாம். இங்கே வருவது ஒரு சமையலறையில், கோப்பி மேசையில் சொல்லப்பட்ட கதை. கதைக்குரியவரே எழுதச் சொன்னார். "எழுது பிள்ளை, ஆனா பேரை மாத்து, என்னைக் கிழவன் எண்டு மட்டும் எழுதாதை" என்றார். பெயரை மாற்றிவிட்டேன்.

பயிற்சியென்று பெரிதாக எதுவும் இல்லை. இருபத்துநான்கு வயதில் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் வைத்துக்கொண்டு வைத்தியசாலைகளிலும் கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகங்களிலும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஆள் வாயை மூடமுதல் நான் மற்ற மொழியில் சொல்லி முடித்துவிடுவேன். அந்த வேகத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து பாதர் ஹென்ரிக் கூப்பிட்டு, தவக்காலத்தில் உதவ முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத் தெரியாத வயது.

பாதர் ஹென்ரிக் குருவாகுமுன்னர் ஒரு வைத்தியசாலையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர். அந்தப் பழக்கம் போகவேயில்லை. யாராவது கதவைத் திறந்து உள்ளே வந்தால் அவர் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, நடையை. அதிகம் பேசமாட்டார். பாராட்டவே மாட்டார். முதல் நாள் நான் குறிப்புப் புத்தகமும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். அவர் கையை நீட்டினார், கொடுத்தேன், மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். "இங்கே எழுத்தில் எதுவும் மிஞ்சக்கூடாது" என்றார். பிறகு என் நாற்காலியைத் தூக்கி, பாவம் சொல்பவரின் தோளுக்குப் பின்னால், ஹீட்டரைப் பார்த்தபடி வைத்தார். அங்கிருந்து எனக்கு யாருடைய முகமும் தெரியாது. என் முகமும் யாருக்கும் தெரியாது.

"அவர் சொல்கிறார்" என்று நான் சொல்லக்கூடாது. ஒருவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்லவேண்டும். எதையும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அழுதால் அழுகையை மொழிபெயர்க்க வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் பாதர் முதலில் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "நீங்கள் இன்னொருவர் மூலமாகச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனவருத்தத்தை ஒரு தலையசைப்பில் காட்டினாலும் போதும், நான் பொறுத்தல் தருவேன்." அதாவது, நான் தேவையில்லை என்பதை நானே தமிழில் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் வேலையைத் தொடங்கினேன். முடிந்ததும் அவர் ஜன்னலைத் திறப்பார், எனக்குக் கோப்பி ஊற்றுவார், சைக்கிள் டயரைப் பற்றியும் காற்றைப் பற்றியும் மட்டும் பேசுவார். அது அவருடைய முறை. உள்ளே கேட்டதை வெளியே கொண்டுபோகாமலிருக்க அந்தப் பத்து நிமிடம் சைக்கிள் டயர் உண்மையிலேயே உதவியது.

சொற்களுக்காக அப்பாவின் பழைய ஞானோபதேசப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சாவான பாவம், அற்பப் பாவம். நித்திய ஆக்கினை, அநித்திய ஆக்கினை, அதாவது முடிவில்லாத தண்டனை, காலத்தோடு முடிகிற தண்டனை. கடைசி இரண்டையும் எனக்கு விளங்கப்படுத்தப் பாதருக்கு ஒரு முழங்கால் போதுமாயிருந்தது. "எலும்பைப் பொருத்துவது டொக்டர். அது ஒரே நாளில் முடிந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் நடக்கப் பழகுவது நோயாளி. பொருத்தியாயிற்றே என்று படுத்திருந்தால் கால் சூம்பிப்போகும்." கடவுளோடு அறுந்த உறவை மன்னிப்பு உடனே பொருத்திவிடுகிறது, நரகம் இல்லை. ஆனால் பாவம் ஆளுக்குள்ளே விட்டுப்போன கோணலை இங்கேயோ, செத்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்திலோ நிமிர்த்தியாக வேண்டும். அயலவனுக்குச் செய்த சேதத்தை எழும்பிப்போய்த்தான் திருத்தவேண்டும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. வேகமாக விளங்கிக்கொள்கிறவளுக்கு எவ்வளவு மேலோட்டமாக விளங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

தனிமையைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. நான் வாய் ஓயாமல் கதைக்கிறவள். பூசைக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியுமாகக் கூட்டம் கூடும். தட்டோடு நான் ஒரு மேசைக்குப் போனால் அங்கே கதை நின்றுவிடும். யாரும் முகம் சுளிக்கவில்லை, இருக்கச் சொல்லிக் கதிரையும் தருவார்கள். பிறகு காலநிலையைப் பற்றிப் பேசுவார்கள். மாமி ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, சின்னப் பிள்ளைகளின் மேசையைக் காட்டுவாள். "உன்னைக் கட்டுறவன் பாவமடி, நித்திரையிலை ஆரின்ரை பாவத்தைப் புலம்புவியோ தெரியாது" என்று என் சினேகிதி பகிடி விட்டாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் தட்டைக் காருக்குக் கொண்டுபோய், கண்ணாடியில் ஆவி படிய, வானொலியைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். வீட்டில் அப்பா "என்ன பிள்ளை, களைப்போ?" என்று கேட்பார். ஓம் என்பேன். வேறு என்ன சொல்ல?

பத்தாவது வருடம், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இக்காஸ்ட் என்ற ஊரில் வஸ்தியாம்பிள்ளை மாமா வீடு மந்திரிக்கப் பாதரைக் கூப்பிட்டார். மனைவி இறந்துவிட்டார், மகன் கோப்பன்ஹேகனில். எண்பதை எட்டிப்பிடிக்கிற வயதில் ஆள் கழுத்துப்பட்டி கட்டி, தானே ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். என் அப்பாவின் நெடுநாள் சினேகிதர். எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியதும் அவர்தான். தீர்த்தம் தெளித்து முடிந்து மூவரும் சமையலறையில் உட்கார்ந்தபோது அவர் கேட்டார்:

"பாதர், பொறுத்தல் கிடைச்ச பாவத்துக்குப் பிறகும் ஆக்கினை இருக்கோ?"

மொழிபெயர்த்தேன். பாதர் கோப்பையை வைத்துவிட்டு, இது பாவசங்கீர்த்தனமா, கோப்பி மேசைக் கதையா என்று கேட்டார். பாவசங்கீர்த்தனமென்றால் எழும்பி மற்ற அறைக்குப் போவோம். கோப்பி மேசையென்றால் இந்தப் பிள்ளையும் ஒரு மனுசியாக இருந்து கேட்கும். இதை ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டார்.

"கோப்பி மேசையிலைதான்" என்றார் மாமா. "உள்ளுக்குச் சொல்லவேண்டியதை எப்பவோ சொல்லியாச்சு. இது வெளியாலை கிடக்கிறது."

வெளியே கிடந்தது இதுதான். வந்த புதிதில் அவரும் சூசைதாசன் என்பவரும் ஒரே பின்னல் ஆலையில் மாறிமாறி ஷிப்ட் வேலை செய்தார்கள். ஒருநாள் மாமா ஒரு ஸ்குரூட்றைவரைப் பின்னல் மெசினின் விளிம்பில் மறந்து வைத்துவிட்டு மெசினைப் போட்டுவிட்டார். ஊசிகள் வரிசையாக முறிந்து மெசின் நின்றது. போர்மன் வந்து கேட்டபோது, முன் ஷிப்டுக்காரன் வைத்துவிட்டுப் போனது என்றார். அப்போது மாமாவுக்கு ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிடுகிற விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தது. வேலை போனால் அதுவும் போகும். சூசைதாசன் மறுத்தார். பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய் தேவைப்பட்டது. அடுத்த ஞாயிறு கோவில் மண்டபத்தில் ஏழெட்டுப் பேருக்கு முன்னால், சூசை குடித்துவிட்டுத்தான் வேலைக்கு வாறவன் என்று மாமா சொன்னார். சூசைதாசன் ஒரு சொட்டும் தொடாதவர்.

வேலை போயிற்று. சூசைதாசன் குடும்பத்தோடு கடற்கரை நகரமான எஸ்பியர்க்குக்குப் போய் மீன் ஆலையில் சேர்ந்தார். மகள் ரெஜினாவுக்குப் பேசிய சம்பந்தம், குடிகாரன் வீட்டிலோ என்ற ஒரு கேள்வியோடு நின்றது. இக்காஸ்ட் ஆட்கள் அவர் வீட்டுக்கு வந்துபோவதை விட்டார்கள். "இப்ப அவனுக்கு இருதய வருத்தமாம். முதியோர் இல்லத்திலையாம்" என்று மாமா முடித்தார்.

பாதர் வெகுநேரம் அவருடைய கைகளைப் பார்த்தார். பிறகு நான்கு வசனம் சொன்னார். கடவுள் உங்களை மன்னித்துவிட்டார், அதைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் நீங்கள் உடைத்தது இன்னும் உடைந்தபடி இருக்கிறது. அந்த மனிதர் உயிரோடிருக்கும்போதே நீங்கள் எஸ்பியர்க்குக்குப் போய் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கே அவரைப் பழித்தீர்களோ அந்த மண்டபத்திலும் எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டையும் அப்படியே சொன்னேன். மூன்றாவதுக்கு வந்தபோது மாமா கைகட்டி, தலை குனிந்து, எனக்கு முன்னால் இருந்தார். எனக்குச் சைக்கிள் பழக்கியவர். போங்கோ, சொல்லுங்கோ, எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ என்று அவருக்கு நான் கட்டளை போடுவதா? வாய் தானாக வளைந்தது. எங்கள் வீடுகளில் பெரியவர்களுக்கு எதையும் நாங்கள் அப்படித்தானே சொல்கிறோம். "முடிஞ்சால் ஒருக்கால் அவரோடை கதைச்சுப் பாருங்கோ மாமா, மனசுக்கு ஆறுதலாயிருக்கும்" என்றேன். நான்காவதைச் சொல்லவேயில்லை.

மாமாவின் தோள் இறங்கியது. பாதர் அதை ஏற்றுக்கொண்ட அடையாளமாக எடுத்தார். மாமாவோ வாசல்வரை வந்து, "நான் பயந்தமாதிரி இல்லை. நல்ல பாதர்" என்றார். வேலையைத் திறமாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனேன்.

வைகாசியில் ஒருநாள் காரில் போகும்போது பாதர் கேட்டார், அவர் எஸ்பியர்க்குக்குப் போய்விட்டாரா என்று. இல்லை என்றேன். விசித்திரமாயிருக்கிறதே, ஒப்புக்கொண்டாரே என்றார். ஹேர்னிங் நகரம் வரும்வரை பாதையையே பார்த்தேன். பிறகு சொன்னேன். அன்றைக்குத் தமிழில் சொன்னதை அப்படியே டேனிஷில் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ரவுண்டபவுட்டை ஒருமுறை முழுதாகச் சுற்றினார். வெளியே போகும் பாதையை விட்டுவிட்டார் போல. இரண்டாம் சுற்றில் சொன்னார்:

"அப்படியென்றால் நான் அவரிடம் எதுவுமே சொல்லவில்லை."

ஏசியிருந்தால் சுகமாயிருந்திருக்கும். அந்த வாரம் அவரிடமே பாவசங்கீர்த்தனம் செய்தேன். அதை நான் சொல்லலாம், அது என்னுடையது. பொறுத்தல் தந்தார். அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம், அதோடு மாமாவிடம் போய் விட்டுப்போன இரண்டு வசனத்தையும் உப்பும் சீனியும் போடாமல் சொல்லவேண்டும்.

மாமா பல்கனியில் தக்காளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

"மாமா, அண்டைக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன். முடிஞ்சால் எண்டு பாதர் சொல்லேல்லை. நீங்கள் போகவேணும் எண்டவர். மண்டபத்திலையும் எல்லாருக்கும் முன்னாலை சொல்லவேணும் எண்டவர்."

தண்ணீர் வாளியைக் கீழே வைத்தார். முகம் கறுத்துவிட்டது.

"மூண்டு மாசமா நிம்மதியா நித்திரை கொண்டனான் பிள்ளை. நீ தந்தது நல்லாயிருந்தது."

"அது என்ரை இல்லை மாமா, தாறதுக்கு."

"எனக்கு எண்பது வயசு. இனிமேல் அந்தச் சனத்துக்கு முன்னாலை..." நிறுத்தினார். "நீ என்ன சொல்லுறாய்? பாதரை விடு. நீ?"

பத்து வருடத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. "போங்கோ மாமா" என்றேன். "நான் காரிலை கூட்டிக்கொண்டு போறன்."

எஸ்பியர்க்கில் வழக்கம்போலக் காற்று. சூசைதாசன் ஜன்னலோரம் ஒரு சாய்கதிரையில் இருந்தார். மெலிந்த ஆள், சவரம் செய்த முகம், மடிமேல் போர்வை. மாமா இருக்கச் சொல்லியும் இருக்காமல், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததைப் போல எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்துவிட்டுச் சூசைதாசன் சொன்ன முதல் சொல், "தெரியும்."

"அந்த ஸ்குரூட்றைவரை நான் துடைச்சுப் பெட்டிக்குள்ளை வைச்சிட்டுத்தான் வெளிக்கிட்டனான். பிறகு எடுத்தது ஆரெண்டு எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன்ராப்பா நீ ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னனான். குடிகாரன்ரை கதையை ஆர் கேட்டது?"

தாதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் மூவரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். பழைய சினேகிதர்கள் என்று நினைத்திருப்பாள். சூசைதாசன் சீனியைக் கரைத்துக்கொண்டே சொன்னார்: "உன்னை நான் எப்பவோ மன்னிச்சிட்டன் வஸ்தி. அதாலை நரகத்துக்குப் போகமாட்டாய், பயப்பிடாதை. ஆனா மன்னிச்சாப்போலை எனக்கு ஆக்கள் வரேல்லை. ரெஜினான்ரை தாய் செத்த அண்டு இக்காஸ்டிலை இருந்து ஒரு கார் வரேல்லை. வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

நான் ஒரு சொல்லையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஞானோபதேசப் புத்தகத்தின் அந்த இரண்டு சொற்களும் அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் விளங்கின.

கோவில் திருநாளன்று, பூசை முடிந்த கையோடு, மாமா மண்டபத்தில் எழும்பி நின்றார். மைக் வேண்டாம் என்றார். ஸ்குரூட்றைவரையும் சொன்னார், குடிக்கதையையும் சொன்னார். சனம் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் தட்டுகளைப் பார்த்தது. "மாமாக்கு வயசு போட்டுது" என்று யாரோ மெல்லச் சிரித்தார்கள். "விடுங்கோ அண்ணை, பழசுகளை ஏன் கிண்டுறியள்" என்று ஒரு மாமி ரோல்ஸ் தட்டை நீட்டினாள். மாமா தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

பொழுதுபடமுதல் கதை வேறுவிதமாக என்னிடம் வந்து சேர்ந்தது. அந்த மொழிபெயர்க்கிற பெட்டை பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து ஆளை வெருட்டியிருக்கிறாள். இல்லாவிட்டால் இத்தனை வருசம் பேசாத மனுசன் இப்ப ஏன் பேசுறார்? இதற்கு நான் பதில் சொல்ல முடியாது. அது உள்ளே சொன்னதல்ல என்று சொன்னால், உள்ளே என்ன சொல்லப்படவில்லை என்பதைச் சொன்னதாகிவிடும். பாதர் பூசையில் விளக்கம் சொல்லவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மாமா எல்லா வீட்டுக்கும் போன் எடுத்து, கோப்பி மேசைக் கதையடா என்று கத்தினார். அதையும் அவள்தான் வெருட்டிச் சொல்ல வைக்கிறாள் என்றார்கள். அதற்குப் பிறகு பாதர் ஹென்ரிக்கின் அறையில் இரண்டு நாற்காலிகளே போதுமாயிருந்தன. ஆட்கள் தலையை மட்டும் அசைத்துப் பொறுத்தல் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த தவக்காலத்தையும் பார்த்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பாதரும் ஓய்வு பெற்றுக் கோப்பன்ஹேகனுக்குப் போனார். நானும் நிறுத்திக்கொண்டேன். இப்போது ஒரு பாடசாலையில் டேனிஷ் படிப்பிக்கிறேன். ஞாயிறுகளில் பின்வரிசையில் இருந்துவிட்டு, மண்டபத்துக்குப் போகாமல் வந்துவிடுவேன். நான்தான் மாமாவை வெருட்டினேன் என்று சிலர் இன்னும் நினைக்கிறார்கள். ஒரு வசனத்தை இளக்கிச் சொன்னதற்கு இவ்வளவா என்று சில நாட்களில் தோன்றும். சூசைதாசனை இன்னும் மூன்று மாதம் வாசலைப் பார்க்க வைத்ததற்கு இது கூட இல்லை என்று வேறு நாட்களில் தோன்றும்.

பிள்ளைகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஆனால் இது இங்கே முடியவில்லை.

திருநாளுக்கு அடுத்த நாள் சூசைதாசனுக்குப் போன் எடுத்து, மாமா மண்டபத்தில் பேசியதைச் சொன்னேன். ஆர் ஆர் நிண்டது என்று கேட்டார். ஒவ்வொரு பேராகச் சொன்னேன். அவர் வேறு பேர்களைக் கேட்டார். அன்றைக்கு, அந்தப் பழைய ஞாயிறில், அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களின் பேர்கள். அல்போன்ஸ், ஞானப்பிரகாசம், மேரியக்கா, இன்னும் இரண்டு பேர். அவர் செத்திட்டார், அவரும் செத்திட்டார், அவ போன வருசம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன்.

"அப்ப அதுகள் என்னைக் குடிகாரன் எண்டு நம்பிக்கொண்டுதான் செத்தது" என்றார். "செத்த ஆக்களுக்கு ஆர் சொல்லுறது?"

இந்தக் கேள்வியை நான் மாமாவிடம் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் பாதரிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை முதியவர்கள் பிடித்து நடக்கிற சில்லு வைத்த நடைவண்டியோடு வாசலில் ஆயத்தமாக நின்றார்.

இக்காஸ்டின் சேமக்காலையில், அந்தக் கல்லறைத் தோட்டத்தில், எங்கள் ஆட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிறார்கள், டேனிஷ்காரருக்கு நடுவே, கத்தரித்த செடிவேலிகளுக்குள். ஐந்து கல்லறை தேடவேண்டியிருந்தது. சரளைக்கல்லில் நடைவண்டிச் சில்லு புதைந்து புதைந்து வந்தது. நான் எஸ்பியர்க்குக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, கையை நீட்டிப் பிடித்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் மாமா நின்று, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அதே கதையைச் சொன்னார். சூசை குடிக்கிறவனில்லை. மெசினை உடைச்சது நான். நான் உங்களுக்குச் சொன்னது பொய். பக்கத்தில் பூவுக்குத் தண்ணீர் விட்ட டேனிஷ் மனுசி ஒருத்தி, அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். பழைய சினேகிதர்களோடு பேசுகிறார் என்றேன். தலையசைத்துவிட்டுப் போனாள்.

கடைசியாக அல்போன்ஸ் அண்ணையின் கல்லறை. மாமாவுக்கு மூச்சு வாங்கியது. நடைவண்டியின் இருக்கையில் உட்கார்ந்து, தணிந்த குரலில் சொல்லி முடித்தார். காற்றில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. போனில் சத்தமேயில்லை, தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை.

"பிள்ளை" என்றார் சூசைதாசன். "அல்போன்ஸ் அண்ணைக்கு மெசின் சத்தத்திலை காது போனது. இன்னொருக்கால் பலமாச் சொல்லச் சொல்லு."

மாமா கைபிடியை ஊன்றி எழும்பி நின்று, பலமாகச் சொன்னார்.